வடக்கு மதிலோரம் ஒரு கல்

நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறந்தார்கள் அந்த உலகத்தை.
செத்தாப்பாக், பதினோராம் மாடி.
லிஃப்ட் வழக்கம்போல் ஏழோடு நின்றுவிட
மீதி நான்கு மாடி மூச்சிரைக்க ஏறிவந்த கவினேஷ்
செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்:
"டவுன்லோட் முடிஞ்சிருச்சா?"

தொண்ணூற்றாறு விழுக்காடு.
அந்தத் தொண்ணூற்றாறிலேயே
ஒரு பொட்டலம் முறுக்கு தீர்ந்தது.

பிறகு பனி.
திரை முழுக்கப் பனி.
மின்விசிறி ஐந்தில் சுழலும் அறையில்
நான்கு பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டோம்.

"மலையைப் பாருடா, மலையை" என்றான் கவினேஷ்.
"குதிரை பிரேக் போன மோட்டார் மாதிரி வழுக்குது" என்றான் சஷ்வின்.
"இத்தன பொத்தானுக்கு இன்னொரு கை வேணும்."
இது யுவனேஸ்வரி,
கையில் வாங்கிய ஐந்தாம் நிமிடம் பள்ளத்தில் விழுந்தவள்.
வரைபடத்தைத் திறந்தால்
அம்மை போட்டாற்போல் குறிகள்.
சந்தையில் ஒரு மீன்காரன்
ஒரே விடுகதையை ஆறு தடவை போட்டான்,
நாங்கள் கத்திய விடை அவன் காதில் விழவேயில்லை.
பாலத்துக் காவலன் கவினேஷை ஒன்பது முறை கொன்றான்.
பத்தாம் முறை தானே கால் தவறி ஆற்றில் விழுந்தான்.
அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டோம்.

நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லக்கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும்.

பதினான்கு மாதம்
பங்சார் சவுத்தில் ஜன்னல் திறக்காத ஒரு மாடியில்
இந்த உலகத்துக்குக் கல் செய்தேன்.
வாளில்லை, டிராகனில்லை, அரசியின் முகமில்லை.
அவையெல்லாம் வேறு நாட்டில், வேறு சம்பளத்தில்.
எனக்குக் கல். கல்லின்மேல் ஈரம். ஈரத்தின்மேல் பாசி.
பாசிக்காக ஜாலான் ஈப்போ கால்வாயோரம்
மழை விட்ட ஒரு மாலை குந்தியிருந்து
இருநூறு படம் எடுத்தேன்.
ரோந்து வந்த போலீஸ்காரர் கேட்டார்,
என்ன தொலைந்தது என்று.

பச்சை அதிகம், இது குளிர்நாடு
என்று திருப்பி அனுப்பினார்கள்.
குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
நம்ம கால்வாய் கொஞ்சம் கொஞ்சமாய்
காய்ச்சல்காரன் நாக்குப்போல் வெளுத்தது.

மணி மூன்று. கவினேஷ் கோட்டையை நெருங்குகிறான்.
"வடக்குப் பக்கமா போயேன்."
"அங்க என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல."
"பொட்டி? பேய்?"
"ஒண்ணுமில்லன்றேன், சும்மா போ."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பினான்.

மதில். நிலா. மதிலடியில்
என் கல்.
முட்டி உயரம், பக்கவாட்டில் ஒரு விரிசல்,
விரிசலுக்குள் ஜாலான் ஈப்போ.
எனக்கு மட்டும் அந்த வாடைகூட வந்தது.

குதிரை பாய்ந்தது.
முன்னங்கால் இரண்டும் கல்லுக்குள் போய்
அங்கேயே மாட்டிக்கொண்டு
வால் மட்டும் காற்றில் ஆட,
"எந்த மடையன்டா இங்க கல்ல வச்சான்!"
சஷ்வின் தரையில் உருண்டு சிரித்தான்.
யுவனேஸ்வரி படம் பிடித்தாள்.
நானும் சிரித்தேன்,
எல்லோரையும்விட அதிக நேரம்.

கடைசியாகச் சேமித்தது பாலத்துக்கு முன்னால்.
காவலன் மறுபடியும் காத்திருந்தான்.

நாலரைக்கு மாமாக் கடை.
ரொட்டி சானாய் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது:
மலைக்குப் பத்து. சண்டைக்கு ஏழு. குதிரைக்கு மூணு.
"கல்லுக்கு?" என்றேன்.
"கல்லுக்கெல்லாம் யாரு மார்க் போடுவா" என்று
தே தாரிக்கை ஊதினான் கவினேஷ்.
பிறகு, குவளைக்குள் பார்த்தபடியே:
"ஆனா அந்த எடம்... இப்பதான் மழ விட்ட மாதிரி இருந்துச்சுல்ல."

திங்கட்கிழமை காலை எனக்கொரு உத்தரவு:
வடக்கு மதில். கல் எண் 4417.
குதிரை சிக்குகிறது. நீக்கவும்.

நீக்கவில்லை.
இரண்டு சாண் தள்ளிவைத்து
குதிரைக்கு வழிவிட்டேன்.
அப்புறம், பக்கத்து மேசைக்காரன் காப்பிக்கு எழுந்த நேரம்,
பச்சையை ஒரு பொட்டுக் கூட்டினேன்.